அத்தியாயம் 7: பழைய லாரிக்குக் காமன் ரெயில் என்ஜின்

ஓசூர் சிப்காட்டில் சரக்கு ஏற்றி ஜூஜூவாடி வழியாகக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா போய்வரும் லாரிகளில் பாதிக்கு மேல் வயதானவை என்பது சாலையோரம் அரை மணி நேரம் நின்றாலே தெரியும். சேஸிஸ் நன்றாக இருக்கிறது, கேபினும் பாடியும் உறுதியாக இருக்கின்றன. என்ஜின் மட்டும் இழுவை குறைந்து ஆயில் குடிக்கிறது. "இதில் இன்னும் கொஞ்சம் பெரிய என்ஜினாக, காமன் ரெயில் என்ஜினாகவே தூக்கி வைத்துவிடலாமா?" இந்தக் கேள்வியோடு பட்டறைக்கு வரும் உரிமையாளருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

சுருக்கமான பதில் இது: சட்டம் அனுமதிக்கும் எல்லை சிறியது. அந்த எல்லைக்குள் செய்யும்போதும் என்ஜினை இறக்கி ஏற்றுவது மிகச் சிறிய வேலைதான். டீசல் வழி, ஒயரிங், கூலிங், கியர் பாக்ஸ், ஹவுசிங் (டிஃபரன்ஷியல்), பிரேக் எல்லாம் புதிய என்ஜினுக்குச் சமமாக வந்தால்தான் அது ஒரு வண்டி. வராவிட்டால் பணம் போவதோடு ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்து.

லிட்டரைப் பார்க்காதீர்கள், இழுவையைப் பாருங்கள்

பழைய லேலண்டு என்ஜின்களின் பெயரிலிருக்கும் எண் கன அங்குலத்தைக் குறிக்கிறது. 370 என்பது சுமார் 6 லிட்டர், 400 என்பது சுமார் 6.5 லிட்டர், 680 என்பது சுமார் 11.1 லிட்டர். பிறகு ஹினோ தொழில்நுட்பத்தில் வந்த ஆறு சிலிண்டர் 'எச்' வரிசை என்ஜின் 5.76 லிட்டர்தான். டாடா வண்டிகளில் வரும் கம்மின்ஸ் 'பி' வரிசை 5.9 லிட்டர். டர்போ இல்லாத பழைய 400ஐவிட இவை அளவில் சிறியவை. ஆனாலும் டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்து 5.9 லிட்டரிலேயே 180 குதிரைத்திறன் தருகின்றன.

ஓசூரில் டர்போவை விரும்ப இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும், கறும்புகை விடும். டர்போ என்ஜின் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

ஆனால் ஏற்றத்தின் கணக்கை எந்த என்ஜினும் மாற்றாது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு 50 கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற வேண்டும். 16 டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 4 முதல் 5 லிட்டர் டீசல் போகும். சாலை உராய்வுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் போவது தனி. நல்ல என்ஜின் ஏற்றத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும், கியர் மாற்றும் தொல்லையைக் குறைக்கும். டீசல் செலவு பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் பேப்பர், பிறகு ஸ்பேனர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜினை மாற்றலாம், ஆனால் அதே தயாரிப்பு, அதே வகையாக இருக்க வேண்டும், பதிவு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், பிரிவு 182ஏ படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் வண்டி எந்த வகையில் சேருகிறது என்று பாருங்கள்.

1. கம்பெனியிலிருந்தே காமன் ரெயிலோடு வந்த வண்டி. என்ஜின் மட்டும் போய்விட்டது. அதே என்ஜினை வைக்க ஒப்புதல் கேட்கலாம். இதுதான் நேரான வழி.

2. அதே சேஸிஸ் மாடலை அதே கம்பெனி இரண்டு என்ஜின்களோடு விற்றிருக்கிறது. உங்களிடம் இருப்பது சிறியது. கம்பெனியிடமிருந்து எழுத்து மூலமான சான்று வாங்கி, அதை இணைத்து முன்கூட்டியே மனு கொடுங்கள். கன அளவும் குதிரைத்திறனும் மாறுவதால் அதிகாரி மறுக்கக்கூடும். மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. லேலண்டில் கம்மின்ஸ், டாடாவில் லேலண்டு என்று கம்பெனியே மாறுகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு இது கிடையாது. பட்டறையில் எவ்வளவு அழகாகப் பொருத்திக் கொடுத்தாலும் கிடையாது.

கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் என்ஜினை மாற்ற நேர்ந்திருந்தால், மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு பதிவு அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே கடிதம் கொடுங்கள். என்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும் இடத்தில் முதலில் எழும் கேள்வி அதுதான்.

எல்லைப் பகுதிக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று நேஷனல் பர்மிட்டின் வயது வரம்பு. சாதாரண சரக்கு வண்டிக்கு 12 ஆண்டு, மல்டி ஆக்சிலுக்கு 15 ஆண்டு. புது என்ஜின் வைத்தாலும் வண்டியின் வயது குறையாது. 13 வயது டூ ஆக்சில் வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, நேஷனல் பர்மிட்டை நம்பி அத்திப்பள்ளி தாண்ட முடியாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்டும் உத்தேசம் இருந்தால் கணக்கு வேறு. 8 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் என்ஜின் எண்ணைப் பார்ப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிய என்ஜின் வைத்ததால் பாரம் ஏற்றும் அளவும் கூடாது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைதான் எல்லை. மீறினால் பிரிவு 194 படி 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

என்ஜினை மட்டும் வாங்காதீர்கள்

சென்னைப் புதுப்பேட்டையிலும் பெங்களூரு கலாசிபாளையத்திலும் என்ஜின் தனியாகக் கிடைக்கும். பழைய மைக்கோ பம்பு வைத்த என்ஜினுக்கு அப்படி வாங்குவது பழக்கம். டீசல் குழாயும் ஒரு ஸ்டாப் ஒயரும் கொடுத்தால் அது ஓடிவிடும். காமன் ரெயில் அப்படி ஓடாது. சாத்தியமானால் விபத்தில் கண்டம் ஆன முழு வண்டியையே வாங்குங்கள். முழு வண்டி கிடைக்காவிட்டால் கீழே உள்ள அத்தனையும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும்:

- என்ஜின், அதன் இசிஎம் (கட்டுப்பாட்டுக் கணினி), இரண்டுக்கும் இடையிலான முழு ஹார்னஸ். கனெக்டரை வெட்டிய ஹார்னஸ் வேண்டாம்.
- ஆக்சிலரேட்டர் பெடல். இதில் கேபிள் கிடையாது, சென்சார்தான்.
- கிராங்க், கேம், ரெயில் பிரஷர், பூஸ்ட், கூலன்ட் சென்சார்கள்.
- டீசல் ஃபில்டர்கள், வாட்டர் செபரேட்டர், ரிட்டர்ன் குழாய்.
- ரேடியேட்டர், இன்டர்கூலர், ஃபேன், அதன் ஷ்ரவுட்.
- ஃப்ளைவீல், கிளட்ச் செட், பெல் ஹவுசிங், முடிந்தால் கியர் பாக்ஸ்.
- சைலன்ஸரோடு வரும் எல்லாப் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களும். யூரியா டேங்க் உள்ள என்ஜினானால் டேங்க், பம்பு, சென்சார் எல்லாம். அவற்றைக் கழற்றினால் இசிஎம் இழுவையைக் குறைத்துவிடும். 'சாஃப்ட்வேரில் அடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

வாங்கும் முன் அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதற்கான சான்று, என்ஜின் எண் எழுதிய பில், விற்பவரின் அடையாள நகல் மூன்றையும் கேளுங்கள். பிளாக்கில் அடித்த எண்ணை ஒயர் பிரஷால் சுத்தம் செய்து நீங்களே படியுங்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடம் இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கியர் பாக்ஸ், ஹவுசிங் கணக்கு

என்ஜின் தரும் முறுக்குவிசையைத் தாங்கும் கியர் பாக்ஸ் வேண்டும். தயாரிப்பாளர் தகட்டில் எழுதிய உச்ச அளவு என்ஜினின் உச்ச முறுக்குவிசைக்குக் குறைவாக இருந்தால், பழைய கியர் பாக்ஸை வைக்காதீர்கள். பல் உடைவது இரண்டாம் கியரில் பாரத்தோடு மேலுமலை ஏற்றத்தில்தான் நடக்கும். பட்டறையில் காலியாக ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது.

ஹவுசிங்கின் கிரவுன்–பினியன் விகிதமும் முக்கியம். பழைய என்ஜின் அதிகச் சுற்றில் வேலை செய்தது; காமன் ரெயில் என்ஜின் நிமிடத்துக்கு 1,400 முதல் 1,700 சுற்றுக்குள் சிறப்பாக இழுக்கும். நேரடி டாப் கியர், 10.00–20 டயர் என்று வைத்துக்கொள்வோம். அந்த டயர் ஒரு சுற்றில் சுமார் 3.2 மீட்டர் போகும். விகிதம் 6.17 ஆனால், 1,500 சுற்றில் 1500 ÷ 6.17 × 3.2 × 60 = மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர். விகிதம் 5.29 ஆனால் அதே சுற்றில் 54. 6.17 விகித வண்டியை நெடுஞ்சாலையில் 60க்கு ஓட்ட என்ஜினை 1,900 சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டும். அப்போது காமன் ரெயில் வைத்த பலன் பாதி போய்விடும். விகிதத்தை மாற்றுவதானால் கம்பெனி அந்த மாடலுக்குத் தந்த விகிதங்களுக்குள்ளேயே மாற்றுங்கள்.

ஜாயின்ட் ஷாப்டின் நீளம் மாறினால் வெட்டி ஒட்டுவதோடு நிறுத்தாமல் பேலன்ஸ் பார்க்கும் கடைக்கு அனுப்புங்கள். என்ஜின் சற்று முன்னே பின்னே உட்கார்ந்தாலும் ஷாப்டின் கோணம் மாறும். யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். என்ஜின் மவுண்டுக்காகச் சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ போடக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள கம்பெனித் துளைகளையே பயன்படுத்துங்கள்.

டீசல் வழி: சுத்தம்தான் எல்லாம்

பழைய பம்பில் இன்ஜெக்டர் ஏறத்தாழ 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் குழாய்க்குள் அழுத்தம் உச்சத்தில் 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேல் நிற்கிறது. லாரி டயரின் காற்றழுத்தம் சுமார் 7 பார். அதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். இந்த அழுத்தத்தைத் தாங்கும் இன்ஜெக்டரின் உள் இடைவெளி சில மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத துருத்தூள் ஒன்று போதும், இன்ஜெக்டர் போய்விடும்.

ஆகவே பழைய டேங்கை அப்படியே வைக்காதீர்கள். உள்ளே துரு இருந்தால் புதிய டேங்க். டேங்கிலிருந்து ஃபில்டர் வரை ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. வாட்டர் செபரேட்டர் கட்டாயம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நீரைத் திறந்துவிடுங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடாதீர்கள். அந்த எஃகு முனை ஒருமுறைதான் சரியாக அமரும். கழற்றிய துளை ஒவ்வொன்றிலும் உடனே பிளாஸ்டிக் மூடி போடுங்கள். பட்டறைப் பழந்துணியைச் செருகாதீர்கள், அதன் நூலே உள்ளே போகும்.

ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். இன்ஜெக்டரை மாற்றினாலோ சிலிண்டர் மாற்றிப் போட்டாலோ அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் இசிஎம்மில் ஏற்ற வேண்டும். கழற்றும்போதே எந்தச் சிலிண்டரில் எது என்று செல்போனில் படம் எடுத்துவையுங்கள். இன்ஜெக்டரைச் சோதிக்க 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. முதலில் மைக்கோ என்ற பெயரிலும், 2008 முதல் பாஷ் என்ற பெயரிலும் டீசல் பம்பு செய்த ஊர் அது. பயிற்சி பெற்ற டெஸ்ட் பெஞ்ச் கடைக்கே கொடுங்கள்.

உயிரைக் காக்கும் ஒரு விதி

பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் ஒன்று இருக்கிறது. என்ஜின் மிஸ் அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எந்தச் சிலிண்டரில் சத்தம் மாறவில்லையோ அது பலவீனமானது. பழைய பம்பில் அது சரி. காமன் ரெயிலில் அதைச் செய்தால் ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, கையையே இழக்க நேரும்.

ஆகவே என்ஜின் ஓடும்போது எந்த உயர் அழுத்தக் குழாயையும் தொடாதீர்கள். நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிடம் விடுங்கள். கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டுங்கள், விரலை நீட்டாதீர்கள். பலவீனமான சிலிண்டரை ஸ்கேனரில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். டீசல் பாய்ந்துவிட்டால், எவ்வளவு சிறிய புள்ளியாக இருந்தாலும், அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உயர் அழுத்த டீசல் தோலுக்குள் போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களுக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

ஒயரிங்

"அண்ணே, ஒயரிங்கை நம்மளே இழுத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஹார்னஸ் முழுதாக மாற வேண்டும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். இசிஎம் எதற்கு உரியதோ அந்த வோல்ட்டுக்கே செல்ஃப், டைனமோ, பல்புகள் எல்லாம் மாறும். இசிஎம்முக்கான எர்த்தைப் பேட்டரியின் நெகடிவிலிருந்தே நேராகக் கொண்டுவாருங்கள். பெயின்ட் அடித்த சேஸிஸில் போல்ட் போட்டு எர்த் எடுத்தால் மழை நாளில் வண்டி நடுவழியில் நிற்கும். கூடுதல் லைட், ஹாரன், பாட்டுப் பெட்டிக்கு இசிஎம் ஒயரிலிருந்து இணைப்பு எடுக்கக் கூடாது.

சேஸிஸில் கரன்ட் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள், இசிஎம் கனெக்டரையும் கழற்றுங்கள், வெல்டிங்கின் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். இசிஎம் எரிந்துபோனால் புதியது வாங்கும் செலவு என்ஜின் விலையில் ஒரு பெரிய பங்கு.

சூடும் பிரேக்கும்

என்ஜின் எரிக்கும் டீசலின் வெப்பத்தில் பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும்தான் வெளியேறுகிறது. குதிரைத்திறன் கூடினால் ரேடியேட்டரும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். முன்னால் இன்டர்கூலர் நிற்பதால் ரேடியேட்டருக்கு வரும் காற்றே சூடாக வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஷ்ரவுட் இல்லாமல் விட்டால், கூட்ட நெரிசலில் ஊர்ந்து போகும்போது என்ஜின் கொதிக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கம்பெனி சொன்ன கூலன்டை ஊற்றுங்கள்.

பிரேக்கில் சமரசம் கூடாது. வேகம் 40லிருந்து 60 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு. ஏற்றத்தில் வேகமாக ஏறும் வண்டி இறக்கத்திலும் வேகமாகவே இறங்கும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்து ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிவார். ஆகவே லைனிங், டிரம், ஏர் டேங்க், ஏர் கம்ப்ரசர் எல்லாம் புதிய என்ஜினோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. எக்ஸாஸ்ட் பிரேக் அந்த மாடலுக்கு உண்டு என்றால் இணைக்காமல் விடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டும் சோதனை ஓட்டமும்

1. ஆயில், கூலன்ட் ஊற்றி, டீசல் ஃபில்டரின் கைப்பம்பால் காற்றை வெளியேற்றுங்கள். செல்ஃபை அடித்துக் காற்றை எடுக்க முயலாதீர்கள்; எண்ணெய்ப் பசை இல்லாமல் ஹை பிரஷர் பம்பு தேயும்.
2. ஸ்கேனரை மாட்டி, பழைய பிழைக் குறிகளைக் குறித்துக்கொண்டு அழியுங்கள். ஸ்டார்ட் செய்த பின் எந்தக் குறி மறுபடி வருகிறதோ அதுவே மீதி வேலை.
3. ஐட்லில் பத்து நிமிடம். ஆயில் பிரஷர், கசிவு, டர்போ சத்தம் பாருங்கள்.
4. அனுமதிக் கடிதமும் இன்சூரன்ஸும் கையிலிருக்க, காலி வண்டியோடு ஓசூர்–சூளகிரி போய்த் திரும்புங்கள். வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.
5. பிறகு ஆர்.சி. அனுமதித்த பாரத்தோடு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறுங்கள். பகல் இரண்டு மணி வெயிலில் ஏறுவது நல்லது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலிங் வேலை முடியவில்லை என்று அர்த்தம். என்ஜினைக் குறை சொல்லாதீர்கள்.
6. ஒரு வாரத்தில் ஆயிலையும் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே மினுமினுக்கும் உலோகத்தூள் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.
7. ஓசூர் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, புதிய என்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றி, நகலை வண்டியில் வைத்து, இன்சூரன்ஸுக்கு ஒன்று அனுப்புங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும்

மேலே சொன்ன பட்டியலுக்கெல்லாம் விலை கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையோடு இப்போதைய வண்டியை விற்றால் கிடைப்பதைச் சேர்த்தால், கம்பெனியிலேயே காமன் ரெயிலோடு வந்த சில வருடப் பழைய லாரி வாங்க முடிகிறதா? முடிகிறது என்றால் அதையே வாங்குங்கள். அதில் ஆர்.சி. சுத்தமாக இருக்கும், பிரேக்கும் கூலிங்கும் அந்த என்ஜினுக்காகவே கம்பெனியில் அமைத்தவை, நேஷனல் பர்மிட்டுக்கும் வயது மிச்சமிருக்கும். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்–4 புகை விதி வந்தது. அதற்குப் பின் வந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன.

கணக்கு இன்னும் என்ஜின் மாற்றுவதற்குச் சாதகமாக இருந்தால், சேஸிஸில் விரிசலும் துருவும் இல்லாமல் இருந்தால், அனுமதிக் கடிதமும் கைக்கு வந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழைய என்ஜினையே போர் போட்டு, ஸ்லீவ் மாற்றி, பம்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிசெய்து ஓட்டுங்கள். நன்றாகப் புதுப்பித்த பழைய என்ஜின் தன் பிரேக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் பொருத்தமாகவே ஓடும். ஓட்டுநரை நம்பிக்கையோடு மலையிலிருந்து இறக்கும் வண்டி அதுவாக இருந்தால், அதுவே சரியான முடிவு.